போன வருஷம் பார்த்திருக்கணும்

உங்கள் லயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். இல்லை என்று தலையை ஆட்டாதீர்கள், இருக்கிறார். நீங்கள் ஒரு பலாப்பழத்தை வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து, பால் வடிய வடியச் சுளை பிரித்து, அதிலும் நல்ல சுளையாகப் பார்த்துப் பன்னிரண்டு எடுத்து, ஈ மொய்க்காமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டுங்கள். ஒரு சுளையை வாயில் போடுவார். கண்ணை மூடுவார். கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்வார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் பார்த்திருக்கணும்."

அவரேதான்.

அவருக்குப் போன வருஷத்து ஆள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் பிறப்பார், எந்தச் சாதியிலும் பிறப்பார், பெண்ணாகவும் பிறப்பார். ஆறு பெருகிக் கிள்ளான் பாசார் வரைக்கும் தண்ணீர் ஏறி, சீனக் கடைக்காரர் அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாலும், இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இது ஒரு வெள்ளமா? முழங்காலே நனையலையே!" என்பார். கல்யாண வீட்டில் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்த கையோடு, வேறு எந்தக் கல்யாணத்திலோ போட்ட வடையைப் பற்றிப் பேசுவார். சாவு வீட்டையாவது விடுவாரா? "நாகையா செத்தப்போ அழுதாங்க பாரு, அது அழுகை" என்று, செத்தவரின் பெண்டாட்டி காதில் விழும்படியாகச் சொல்வார். அந்த அம்மாள் பாவம், இன்னும் கொஞ்சம் சத்தமாக அழ வேண்டியதாகிவிடும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கே வேடிக்கை நடந்தாலும் எல்லோரும் வேடிக்கையைப் பார்ப்பார்கள். இவர் வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்ப்பார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். 'அடேயப்பா' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே வராது. வாயைப் பிளந்தால் முதல் தடவை பார்க்கிறார் என்று தெரிந்துபோகாதா? அந்த ஒரு பயத்தினால், பிறந்ததிலிருந்து எதையுமே அவர் முதல் தடவையாகப் பார்த்ததில்லை.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர், கிள்ளானில் ரயில்வே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் இருந்தார். மண்டோர் கன்னையா என்று பெயர். சாமான் இறக்குகிற கொட்டகையில் இருபது ஆட்களை மேய்க்கிற மண்டோர். உடம்பு மூங்கில் கழி மாதிரி. குரல் மட்டும் நாலு ஆள் குரல். தலைப்பாகை இல்லாமல் அவரைக் கண்டவர்கள் கிடையாது.

வைகாசி மாதம் முடிகிற சமயத்தில், வெள்ளைக்கார ராஜாவின் பிறந்த நாள் என்று ஊருக்கெல்லாம் விடுமுறை விடுவார்கள் அல்லவா? அன்றைக்குக் கோலாலம்பூரில் பட்டாளம், போலீஸ், பேண்டு வாத்தியம் எல்லாம் கூடிப் பெரிய பரேடு நடக்கும். கன்னையா அன்று விடியுமுன் எழுந்து, தலைப்பாகை கட்டி, சோற்றுப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு கிளம்புவார். பொழுது சாயத் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று லயத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? "பரேடு எப்படி மண்டோரண்ணே?" என்றுதான் கேட்டார்கள்.

அவர் போனது துறைமுகத்துக்கு. ராஜாவின் பிறந்த நாள் கப்பலுக்குத் தெரியுமா? வருஷா வருஷம் அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பல் வந்து நிற்கும்; மேலே இருக்கிற துரை, துறைமுகத்து ஆட்களை மேய்க்கக் கன்னையாவை மட்டும் அனுப்புவார். ஊரே வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில், நான் மட்டும் கருவாட்டு மூட்டைக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறேன் என்று ஒரு மண்டோர் எந்த வாயால் சொல்லுவார்? முதல் வருஷம் அவர் பொய்யே சொல்லவில்லை. "எப்படி?" என்றார்கள், "ம்" என்றார். அவ்வளவுதான். மறு வருஷம் அந்த 'ம்' கண் திறந்தது. அதற்கு அடுத்த வருஷம் எழுந்து நடந்தது.

ஆறாவது வருஷத்தில் அந்தப் பரேடு எப்படி இருந்தது தெரியுமா? ஆள் உயரத்துக்கு ராஜாவின் படம். அதற்குத் தங்கச் சட்டம். அதைப் பூ ரதத்தில் ஏற்றி, முன்னால் பதினாறு யானை, பின்னால் பேண்டு வாத்தியம், வெயிலில் மின்னுகிற வாள் ஆயிரம். இத்தனையும் கோலாலம்பூரின் நாலு வீதியும் சுற்றி வரும். ஒவ்வொரு முனையிலும் ரதம் நிற்கும். நீங்கள் தேங்காய் பழத் தட்டு வைத்திருந்தால் துரைமார் இறங்கி வந்து வாங்கி, படத்துக்குக் காட்டித் திருப்பிக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் அவர் பொய் என்றே நினைக்கவில்லை. மாரியம்மன் நாலு வீதியும் வருகிறாள். வாசலுக்கு வாசல் நின்று தட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறாள். ஆத்தாளே வாசல் தேடி வரும்போது, ராஜா மட்டும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஊரைத் தன்னிடம் வரச் சொல்லுவாரா? அவர் அறிவுக்கு அது நியாயமாகவே படவில்லை.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கப்பல் வரவில்லை.

"மண்டோரண்ணே, இந்தத் தடவை எங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று வந்து நின்றான் அடுத்த வீட்டுப் பக்கிரிசாமி. தண்டவாளத்துக்குக் கல் போடுகிற ஆள். கன்னையா எதைச் சொன்னாலும் நம்புவான். நம்பிவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து அடுத்த ஆளிடம் சொல்லுவான்.

"இந்த வருஷம் எதுக்குய்யா? போன வருஷம் வந்திருக்கணும்."

"போன வருஷம் நீங்க கூப்பிடலையே."

"கூட்டம்யா. நசுங்கிப் போயிடுவே."

"நசுங்கினா நசுங்கிட்டுப் போறோம்" என்றாள் பக்கிரிசாமியின் பெண்டாட்டி புஷ்பவல்லி. "தட்டு வாங்கிக் காட்டுவாங்கன்னு சொன்னீங்கல்ல? எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு."

"ராஜாகிட்டயா?"

"ஆமா. ரயிலு ராஜாவோடதுதானே? ரயிலு வீடும் அவரோடதுதானே? எங்க வீட்டுக்கு ஒரு சன்னல் வச்சுக் கொடுக்கச் சொல்லணும். புகை அடைச்சுச் சாகறேன்."

கன்னையா திரும்பித் தன் பெண்டாட்டி நல்லம்மாளைப் பார்த்தார். அவள் எந்தக் காரியத்துக்கும் முதலில் வேண்டாம் என்று சொல்கிறவள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நானும் வரேன்" என்றாள்.

அன்றிலிருந்து மண்டோருக்குக் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று: அவருக்கும் பார்க்க ஆசை. ஆறு வருஷமாகத் தன் வாயால் கட்டிக் கட்டி வைத்ததை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தார். ஆனால் பார்க்கும்போது ஆசையோடு பார்க்கக் கூடாது. என்ன சோதனை பாருங்கள்!

ராஜா பிறந்த நாளன்று முதல் வண்டியில் கன்னையாவும் அவரோடு பத்துப் பேரும் ஏறினார்கள். புஷ்பவல்லி பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்குகிறபோதெல்லாம் தேங்காயை அதட்டினாள். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினார்கள். கன்னையா நீட்டவில்லை. கண்ணை அரைவாசி மூடி, ஓரக் கண்ணால் மட்டும், திருடுகிறவர் போல, ஒரு ரப்பர்க் காட்டையும் ஈயம் தோண்டிய இரண்டு குட்டையையும் பார்த்துக்கொண்டார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அத்தனை பேரும் அண்ணாந்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று கூண்டும் கோபுரமுமாக அது நின்றது.

"அடேயப்பா! இது யாரு அரமனைண்ணே?"

"ஸ்டேஷன்யா. இப்ப அழுக்காயிடுச்சு. போன வருஷம் பார்த்திருக்கணும், புதுசா வெள்ளையடிச்சு வச்சிருந்தான்."

வெளியே வந்தால், ஊர்ச் சனமெல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சீனர்கள் குடும்பம் குடும்பமாக, மலாய்க்காரர்கள் பட்டுச் சாரமும் தொப்பியுமாக, சீக்கியப் பாயிமார் தாடியைச் சீவிக்கொண்டு, வெள்ளைக்காரச்சிகள் குடை பிடித்துக்கொண்டு, எல்லாம் வலது கைப் பக்கம். கன்னையாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. வேலை விஷயமாக இரண்டு தடவை இந்த ஊருக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவையும் சாமான் கொட்டகை இருக்கிற இடது கைப் பக்கம்தான் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்த கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிற அந்த ஒரு ரோடுதான்.

பின்னால் கையைக் கட்டிக்கொண்டார். இடது கைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எல்லாரும் அங்கிட்டுப் போறாங்களே?"

"புதுசா வந்தவன் எல்லாம் அங்கிட்டுத்தான் போவான். அங்க நின்னா முன்னால நிக்கிறவன் மண்டையத்தான் பார்க்கலாம். சுத்தி இங்கதான்யா வரணும். முனையில இடம் பிடிக்கணும்."

பக்கிரிசாமி மற்றவர்களைப் பெருமையாகப் பார்த்தான். விஷயம் தெரிந்த மண்டோரோடு வந்தால் இப்படித்தான் என்பது போல.

பிரிக்பீல்ட்ஸ் ரோட்டு முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் பாயை விரித்து, அருமையான இடம் பிடித்து, அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். இடத்துக்குப் போட்டியே இல்லை. ஒரு நாய்தான் இருந்தது. அதுவும் எழுந்து கொடுத்தது.

தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. "கிளம்பிடுச்சு" என்றார் கன்னையா. வாத்தியம் நின்றது. "முதல் வீதி முடிஞ்சது." மறுபடியும் கேட்டது. "ரெண்டாம் வீதி." காற்று இந்தப் பக்கம் அடித்ததில் சத்தம் கூடியது. "பார்த்தியா, திரும்பிடுச்சு!" புஷ்பவல்லி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். காற்று அடங்கியது. உட்கார்ந்தாள். இப்படி நாலு தடவை எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த முனையில் ஆப்பம் சுட்டு விற்கிற கேத்தரின் என்கிற, ரயில்வே வீட்டில் குடியிருக்கிற அம்மாள், அடுப்பை அவசரம் அவசரமாக அணைத்துவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். இவர்களைப் பார்த்ததும் நின்றாள்.

"யாருக்காகக்கா உக்காந்திருக்கீங்க?"

"பரேடுக்கு" என்றாள் புஷ்பவல்லி.

"பரேடு அங்க பாடாங்ல நடக்குது, மணிக்கூண்டுக்கு எதுத்தாப்புல புல்லுத் தரையில."

"அது தெரியும்" என்றான் பக்கிரிசாமி. "சுத்தி இங்க வரும்."

"எங்க சுத்தி?"

"நாலு வீதியும்."

கேத்தரின் கூடையைத் தரையில் இறக்கினாள். இடுப்பில் பாரத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்க முடியாது.

"அய்யோ மாதாவே! தேரா அது? எங்கயும் சுத்தாது லா. புல்லு மேல நிக்கும், நடக்கும், சுடும், தொப்பியத் தூக்கி மூணு தடவை கத்தும், கலைஞ்சிடும். பத்து வருஷமாப் பார்க்கிறேன்."

எல்லோரும் மண்டோரைப் பார்த்தார்கள். கன்னையா கட்டின கையை அவிழ்க்கவில்லை.

"போன வருஷம் இந்த முனையிலதான் திரும்பிச்சு."

"போன வருஷமா? போன வருஷம் இந்த ஊருல விடிஞ்சதிலருந்து அடை மழைண்ணே. பரேடே நடக்கலையே!"

போன வருஷத்துப் பரேடில் ஆயிரம் வாள் வெயிலில் மின்னியதை அந்தப் பத்துப் பேரும் கேட்டவர்கள். ஒன்றல்ல, மூன்று தடவை கேட்டவர்கள். கன்னையாவுக்குக் காது இரண்டும் சுட்டது. முடிந்தது, இதோடு முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. அதுதான் வினை.

"இந்தம்மா வேற ஏதோ வருஷத்தைச் சொல்லுது" என்றான் பக்கிரிசாமி. "எங்க மண்டோரண்ணே சொன்னா சொன்னதுதான். நாங்க நகர மாட்டோம்." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று இன்னும் அழுத்தமாகப் பாயில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சம்மணமே போட்டுவிட்டார்.

"நல்லா உக்காருங்க" என்று கேத்தரின் கூடையைத் தூக்கிக்கொண்டாள். "இன்னும் கால் மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும். நான் போறேன்." போய்விட்டாள்.

கன்னையா அந்தப் பத்துப் பேரையும் பார்த்தார். ஆறு வருஷமாக அவர் ஊட்டி வளர்த்த நம்பிக்கை அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பார்த்தவள் வந்து சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இனி அதை எழுப்ப ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அவர் எழுப்பினால், அதோடு மண்டோர் கன்னையா என்று ஒருவர் கிள்ளானில் இருக்கப் போவதில்லை. எழுப்பாவிட்டால், இந்தப் பத்துப் பேரும், பதினோராவதாக அவரும், பரேடு நடக்கிற ஊருக்கு வந்து ஒரு நாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவரும் அவசரப்படவில்லை, "இந்தா வந்துடும்" என்று இன்னொரு தடவை சொன்னார்.

சடசடவென்று துப்பாக்கிச் சத்தம் கிளம்பியது. ஒரு முனையில் பற்றி மறுமுனை வரைக்கும் ஓடுகிற சரவெடி மாதிரி. மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தன.

"இது எந்த வீதிண்ணே?" என்று ஆசையாகக் கேட்டான் பக்கிரிசாமி.

மண்டோரிடம் வீதி தீர்ந்துபோயிருந்தது.

நல்லம்மாள் எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"ஏங்க, அந்த ஆப்பக்காரம்மா சொல்றதுதான் நெசம். வாங்க போவோம்."

"உனக்கு என்னடி தெரியும்?"

"எனக்கா? வருஷா வருஷம் அன்னைக்கு உங்க சட்டையத் தொவைக்கிறது யாரு? பட்டாளத்துக்காரன் எல்லாம் கருவாடா சுமக்கிறான்?"

கன்னையாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரிஞ்சுக்கிட்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தே?"

"நல்லாச் சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. அதான் கேட்டுக்கிட்டிருந்தேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னைக்கு நான் பாக்க வந்திருக்கேன். கேக்க வரலை."

மண்டோர் ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றார். இருபது ஆட்களை வேலைக்கு எழுப்புகிற அதே குரலில் கத்தினார்:

"எந்திரிங்க எல்லாரும்! இங்க ஒண்ணும் வராது! நான் பரேடைப் பார்த்ததே இல்லை! ஒரு வருஷமும் பார்த்ததில்லை! எல்லாம் நானாக் கட்டினது!"

பக்கிரிசாமி மெதுவாகச் சிரித்தான். "அண்ணே நம்மளச் சோதிச்சுப் பார்க்கிறாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். "அசையாதே."

"டேய் பக்கிரி! எந்திரிடா!"

அதற்கு மேல் பேசினால் பிரயோசனமில்லை என்று கன்னையாவுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். மண்டோர் ஓடினால் ஆட்கள் ஓடாமல் இருப்பார்களா? பழக்கம் அப்படி. பாயைச் சுருட்டாமல் இழுத்துக்கொண்டு, தேங்காயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, எதிரில் வந்த ரிக்‌ஷாக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை பேரும் ஓடினார்கள். பாதி வழியில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வருஷக்கணக்கில் ஊர் பார்க்காத வழுக்கையை அன்றைக்குக் கோலாலம்பூரே பார்த்தது. அவர் நிற்கவில்லை.

பாடாங்கில் எள் போட இடமில்லை. நல்லம்மாள் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்; அவள் பின்னால் எல்லோரும் போனார்கள். போய் நிற்கவும் சிப்பாய்கள் தொப்பியைத் தூக்கிக் கடைசித் தடவையாகக் கத்தவும் சரியாக இருந்தது. பிறகு வாத்தியம் முழங்கியது. வரிசை வரிசையாக அத்தனை பேரும் ஒரே ஆள் போலத் திரும்பி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். பரேடில் இவர்களுக்குக் கிடைத்தது அதுதான். முதுகு. வேர்வையில் நனைந்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஈரம் படர்ந்த நூறு நூறு முதுகு.

யானை இல்லை. ரதம் இல்லை. ராஜாவின் படமும் இல்லை. ஆனால் கன்னையா அதையெல்லாம் தேடவே இல்லை. கடைசி வரிசையில் போன ஒரு சிப்பாயின் காலில் சுற்றியிருந்த துணிப் பட்டி அவிழ்ந்து, பாம்பு மாதிரி புல்லின் மேல் நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அவன் குனியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்ந்தது அவனுக்குத் தெரியும். கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் வந்தவனும் குனிந்து பார்க்காமலே, தாளம் தப்பாமலே, ஒவ்வொரு அடியிலும் அந்தத் துணியை மிதிக்காமல் காலை வைத்தான். இந்த மாதிரி ஒன்றை இன்னும் அறுபது வருஷம் கட்டினாலும் தன்னால் கட்ட முடியாது என்று மண்டோருக்குத் தோன்றியது.

"அடேயப்பா" என்றார்.

அவருக்கே கேட்காமல் வந்துவிட்டது. வாய் பிளந்தது பிளந்தபடியே இருந்தது.

அதே சமயம் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் ஏறி ஓரமாக வந்துகொண்டிருந்தார். பரேடு முடிந்து வீட்டுக்குப் போகிறவர் போல. புஷ்பவல்லி பார்த்தாள். ரதமாவது, படமாவது, இதையும் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? கற்பூரத்தைக் கொளுத்தித் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். குதிரை மூக்கைச் சுளித்து இரண்டு எட்டுப் பின்னால் வைத்தது. துரை தேங்காயைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டார்.

"ஒரு சன்னல், தொரை! ரயில்வே லயத்துல, ஓரத்து வீடு!"

துரை போய்விட்டார். கூட்டம் கலைந்தது. புல்வெளியில் மிதிபட்ட புல் மட்டும் இருந்தது.

மத்தியான வண்டியில் திரும்பினார்கள். கன்னையா சன்னலோரம் உட்கார்ந்து, கழுத்தை வெளியே நீட்டி, தலைப்பாகை இல்லாத தலையில் கரிப் புகை படிய, ஊர் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தரும் அவரிடம் பேசவில்லை. அவர் மனத்தில் பதில் எல்லாம் தயாராக இருந்தது: ஆமாம், பொய்தான், ஆமாம், வெட்கக்கேடுதான், ஏசுங்கள்.

கிள்ளான் ஸ்டேஷனில், வராதவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் பக்கிரிசாமி குதித்தான்.

"என்னடா, ரதம் வந்துச்சா?"

"வந்துச்சாவா? முனையில நம்ம ஆளுங்களைப் பார்த்ததும் நின்னுச்சு! துரை இறங்கி வந்து, என் பெண்டாட்டி கையில இருந்து தட்டை வாங்கி, ராஜாவுக்குக் காட்டி, தொப்பியக் கழட்டிக் கும்பிட்டு... கேளு அவளை! சன்னல் வந்துடும்டா. ரெண்டு சன்னல்!"

"யானை?"

"இருபது!"

கன்னையா வண்டியை விட்டு இறங்கினார். "யானையும் இல்லை, ரதமும் இல்லைய்யா" என்றார். "நாங்க போய்ச் சேர்ந்தப்போ முடியற நேரம். முதுகைத்தான் பார்த்தோம். ஆனா ஒருத்தன் காலுப் பட்டி அவுந்து போச்சு. அவன் குனியவே இல்லை. பக்கத்துல வந்தவனும் அதை மிதிக்காம..."

"பட்டியா?"

"ஆமாய்யா. துணிப் பட்டி. இம்மாம் நீளம்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டியைப் பார்க்கவா ஒரு மனுஷன் விடியுமுன் எழுந்து ரயிலேறிப் போவான்? கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் அவர் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"பாவம், மண்டோருக்கு வெயில் ஒத்துக்கலை" என்று மற்றவர்களிடம் சொன்னார். "போன வருஷம் இவரு சொன்னதைக் கேட்டிருக்கணும். ஆஹா!"

கூட்டம் பக்கிரிசாமியைச் சுற்றிக்கொண்டது. வாழ்நாளிலேயே முதல் தடவையாகக் கண்ணால் கண்டதைச் சொன்ன கன்னையா, கேட்க ஆளில்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தார். நல்லம்மாள் பின்னால் வந்தாள். பாசாரைத் தாண்டியதும் கிட்டே வந்து சேர்ந்துகொண்டாள்.

"கடைசி வரைக்கும் அவன் அதை மிதிக்கவே இல்லை, பார்த்தீங்களா?" என்றாள்.

"யாரு?"

"அந்தப் பக்கத்துல வந்தவன்."

மண்டோர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். "நீயும் பார்த்தியா?"

"பின்னே? நான் என்ன மணிக்கூண்டையா பார்த்துக்கிட்டிருந்தேன்?"

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி வீட்டு வாசலில் யானை இருபத்தைந்து ஆகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் ஒருவர் பழைய துண்டைக் காலில் சுற்றி, நுனியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். இன்னொருவர் மிதிக்காமல் கூட நடந்தார். மிதிக்காமல் இருப்பது லேசில்லை. செய்து பாருங்கள்.

என்ன, சிரிக்கிறீர்களா? பக்கிரிசாமியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், நல்லது. உங்கள் லயத்தில் யார் இப்படி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டும் இருப்பீர்கள். இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எண்ணுங்கள். அந்தத் துரை ஏறி வந்த குதிரை என்ன நிறம்?

வெள்ளை என்பவர்கள் கொஞ்சம் பேர் இருப்பீர்கள். இல்லை, கறுப்பு, நெற்றியில் சுட்டி என்று சண்டைக்கு வருகிறவர்களும் இருப்பீர்கள். இதோ பாருங்கள், இவ்வளவு நேரம் சொன்னதில் நான் குதிரைக்கு நிறமே சொல்லவில்லை.

நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?